கற்றல் நின்றது

2020 மார்ச்சில் பள்ளிகள் பூட்டப்பட்டபோது 'கற்றல் ஒருபோதும் நிற்பதில்லை' என்ற முழக்கத்தை யுனெஸ்கோ உலகெங்கும் பரப்பியது. அன்று அதைப் பிடித்துக்கொண்டவர்கள் இன்னும் விடவில்லை. கனமழையோ கொள்ளைநோயோ, எது வந்தாலும் கவலை இல்லையாம்; ஆன்லைன் வகுப்பு வகுப்பறைக்கு ஈடாம். கல்விக் கருத்தரங்குகளில் இதைக் கேட்டுக் கேட்டு வெறுத்துவிட்டது. கற்றல் நின்றது. அந்த ஆன்லைன் கல்வி அனுபவம் ஒரு துயரமா என்று தலைப்பிலேயே கேட்டு, 2023இல் யுனெஸ்கோவே நூல் வெளியிட்டுவிட்டது.

ஆன்லைன் வகுப்பு எல்லாப் பிள்ளைகளையும் சென்றடைந்தது என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் பொருளியலாளர் ழான் த்ரேஸ் உள்ளிட்டோர் ஏழைக் குடும்பங்களில் எடுத்த கணக்கெடுப்பில், ஒழுங்காக ஆன்லைனில் படித்த கிராமத்துப் பிள்ளைகள் 8 சதவீதம்தான்.

பதிவான பாடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாமாம். பார்க்கலாம். 'புரியலை டீச்சர்' என்று அதனிடம் சொல்ல முடியாது.

இவர்களின் கடைசிப் புகலிடம் ஒன்று உண்டு: 'கருவியும் இணையமும் கொடுத்தால் சரியாகிவிடும்.' இதைத்தான் விடக் கூடாது. நெதர்லாந்தில் வீட்டுக்கு வீடு அதிவேக இணையம். பள்ளிகள் மூடியிருந்தது சுமார் 8 வாரம். அதற்குள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டுப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தார்கள். வீட்டிலிருந்து கற்றது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதே அந்த இழப்பை அளந்த ஆய்வின் முடிவு. படிப்பு குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல். குறை கருவியில் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை கழித்தலில் கடன் வாங்க மறந்து விழிக்கும்போது, அந்த விழிப்பைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்காரும் ஆள்தான் இல்லை.

தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 வரை திறக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுக்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த டிசம்பரில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தது கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோரின் ஆய்வு. 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இன்னும் மோசம். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியானது. அந்த மீட்சியில் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது. அது செயலி அல்ல. பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்த உள்ளூர் அக்காக்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

'நெருக்கடியில் வேறு வழி ஏது?' என்பவர்களுக்கு இதுவே பதில். அடுத்த முறை பள்ளிகளை மூட அரசாணை வந்தால், டேப்லெட் கொள்முதலுக்கு நிதி ஒதுக்கும் முன் தெருவுக்கு ஒரு தன்னார்வலரை நியமியுங்கள்.