மருந்தை உயிரோடு பாருங்க!

லீவு விட்டால் போதும், எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் வேன் பேசிவிடுவார்கள். வேளாங்கண்ணி, நாகூர், தரங்கம்பாடி, பூம்புகார்... இரண்டே நாளில் அத்தனையும்! திங்கட்கிழமை காலையில் அந்த வேனில் போன பாதிப் பேர் என் வைத்தியசாலைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"என்னமோ தெரியலீங்க வைத்தியரய்யா, கடல் காத்து ஒத்துக்கலை!"

கடல் காற்று என்ன பாவம் பண்ணியது? தூக்கம் இல்லை. வேளைக்குச் சாப்பாடு இல்லை. ஒதுங்க இடம் கிடைக்காதே என்று பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. நடுவில் கடையில் கண்ட எண்ணெய்ப் பலகாரம். உடம்பு வேறென்ன செய்யும்?

ஊர் சுற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரே வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட ஊர்தான். இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ல் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இங்கேதான் இருக்கிறது. இராமேசுவரம் போகிறவர்கள் சத்திரங்களில் தங்கி, சாப்பிட்டு, உடம்பு சரியில்லை என்றால் வைத்தியமும் பார்த்துக்கொண்டு, தெம்பு வந்த பிறகுதான் நடையைக் கட்டினார்கள்.

போன தை மாதம் நாங்களும் கிளம்பினோம். இரண்டு நாளைக்கு இரண்டே இடம். முதலில் கோடியக்கரை.

1967-ல் சரணாலயமான காடு அது. வெளிமானையும் பறவைகளையும் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். எனக்கோ அது யாரும் நடாத மூலிகைத் தோட்டம். ஒரு மரத்தைக் காட்டி, "இது என்ன மாமா?" என்றான் தங்கை மகன். எனக்குத் தெரியவில்லை! உள்ளூர்ப் பெரியவர் ஒருவர்தான், "உகா மரங்க. இந்தக் குச்சியிலதான் அப்பல்லாம் பல்லு விளக்குவோம்" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. 'உகாய்' என்று மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதியவன் நான். ஆனால் பல மூலிகைகளைக் காய்ந்த சரக்காகத்தான் பழகியிருக்கிறேன். வைத்தியனுக்கே இந்தக் கதி என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு?

மறுநாள் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பையன் வழக்கம்போல் கறிவேப்பிலையை ஒதுக்கினான். கதையைச் சொன்னேன். 1768-ல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தார் கோனிக் என்ற டாக்டர். தாவரங்களுக்கு முறையாகப் பெயர் வைத்த லின்னேயஸின் மாணவர். நம் கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரில் இருக்கும் 'கோனிகி' அவர் பெயர்தான்! அன்றைக்கு மட்டும் பையன் மென்று தின்றான்.

கடல் கடந்து வந்தவர் நம் செடிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். நாமோ அதே ஊரில் போட்டோ எடுத்துக்கொண்டு வேனில் ஏறுகிறோம். பார்க்காத செடி பெயராக மட்டும் நிற்கும்; பிறகு அந்தப் பெயரும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பார்க்கச் சொன்னேனே தவிர, பறிக்கச் சொல்லவில்லை. சரணாலயத்தில் இலையைக்கூடத் தொடக் கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இருக்கும் தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மூலிகை என்றாலே சாது என்று நினைத்துவிடாதீர்கள்!

அடுத்த லீவுக்கு இரண்டு இடம் போதும். காய்ச்சி ஆறிய தண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும். ஐந்து செடியையாவது தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டுங்கள்.

திங்கட்கிழமை என் திண்ணை காலியாகக் கிடந்தால் எனக்குத்தான் நஷ்டம். பரவாயில்லை, போய் வாருங்கள்!