ரெண்டு பாட்டி

"சாயங்காலம் வரும்போது ஒரு பாட்டி வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. ஏற்கெனவே வீட்டில் ஒரு பாட்டி - என் அம்மா - இருக்கும்போது இன்னொன்று எதுக்கு என்று விழித்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஒண்ணேமுக்கால் வயசுப் பையன் உட்கார பிளாஸ்டிக் பாட்டி! மாடி வீட்டுக் குழந்தை ஒன்றரை வயசிலேயே கத்துக்கிச்சாம். விடுவோமா?

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆரம்பம். பையன் பாட்டியில், நான் எதிரே மணையில். 'ஸ்ஸ்ஸ்...' என்று அரை மணி நேரம் சத்தம் கொடுத்ததில் எனக்குத்தான் வந்தது! அவன் நிதானமாக எழுந்து ஹாலுக்குப் போய், என் ஆபீஸ் ஃபைல் மேல் காரியத்தை முடித்தான். கத்தித் தீர்த்துவிட்டேன்.

அதற்கப்புறம் மூணு நாள் பையன் ஆய் போகவே இல்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க அடக்கினான், அழுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டாக்டரிடம் ஓடினோம். "பயந்து அடக்கறான் சார். அடக்கினா இறுகும், வலிக்கும். வலிக்கும்னு மறுபடி அடக்குவான்" என்று மருந்து எழுதினார். "கொஞ்ச நாள் அந்தப் பேச்சே வேண்டாம். காலண்டரைப் பார்க்காதீங்க, பையனைப் பாருங்க."

எதைப் பார்ப்பதாம்? ரெண்டு மணி நேரமாவது நனைக்காமல் இருக்கிறானா? வரும்போது சோபாவுக்குப் பின்னால் ஒதுங்குகிறானா? ஈரமானால் நெளிகிறானா? நிஜாரைத் தானே இறக்குகிறானா? 'செருப்பை எடுத்துட்டு வா' என்றால் புரிகிறதா? ஒன்றரை வயசுக்கும் மூணு வயசுக்கும் நடுவில் இதெல்லாம் கூடி வருமாம். 1962-ல் பிரேசல்டன் என்கிற அமெரிக்கக் குழந்தை டாக்டர் 1,170 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார். அவசரப்படுத்தாமல் விட்டதில், பகலில் நனைக்காமலிருக்க சராசரியாக 28 மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாடி வீட்டைப் பார்த்து நான்தான் பதறியிருக்கிறேன்!

"உன்னைக் கால் மேல உட்கார வச்சுப்பேன். வந்தா வந்தது, வராட்டி எறக்கி விட்டுடுவேன். ஒருநாள்கூட அதட்டினதில்லடா" என்றாள் அம்மா. வீட்டிலிருந்த பாட்டியை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

பிளாஸ்டிக் பாட்டி பரணுக்குப் போனது.

நாலு மாசம் கழித்து ஒரு சாயங்காலம். ஆபீசிலிருந்து வந்து லுங்கிக்கு மாறியிருந்தேன். பையன் லுங்கியைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா... உச்சா!"

பாட்டியைப் பரணிலிருந்து இறக்குவதற்குள் என் லுங்கி நனைந்துவிட்டது. போகட்டும் சார், முன்னாடியே சொன்னானே! எங்கள் மேனேஜர் இதுவரை எதையாவது அப்படிச் சொல்லியிருக்கிறாரா?