மாறாத சட்டை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைக்கும் நம் இளைஞரிடம், "எங்கே வேலை, தம்பி?" என்று கேட்டால், ஆண்டுக்கு ஓர் ஆலையின் பெயரைச் சொல்கின்றனர். ஐந்நூறு ரூபாய் கூடுதலென்றால் மறுநாளே இடம் மாறிவிடுகின்றனர். "பிள்ளைக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லையே" என்று பெற்றோர் நம்மிடம் வருந்துவதுண்டு. இவ்விரு சாராருக்கும் ஒரு கால்பந்து வீரரின் வாழ்வை இத்திங்கள் எடுத்துரைக்க விழைகிறோம்.

பிரதீப் குமார் பானர்ஜி 1936இல் வங்காளத்து ஜல்பைகுரியில் பிறந்தவர். கல்கத்தாவின் ஆரியன் கழகத்தில் தொடக்கத்தில் ஆடிய பின், 1955இல் கிழக்கு இரயில்வே அணியிற் சேர்ந்தார். 1967இல் ஓய்வு பெறும்வரை வேறு கழகத்தின் சட்டையை அவர் அணிந்தாரில்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் முப்பெருங்கழகங்களே அந்நகரின் உயிர்மூச்சு. புகழும் ஆரவாரமும் அங்கேதான். ஆயினும் நாட்டின் தலைசிறந்த வீரர் ஊழியர் அணியிலேயே நிலைத்தார்.

அதனால் அவர் குன்றிவிட்டாரா? இல்லை. 1958இல் கிழக்கு இரயில்வே கல்கத்தா லீக் வாகை சூடியது. முப்பெருங்கழகங்களுக்கு அப்பாற்பட்ட ஓர் அணி மீண்டும் அதை வெல்ல 61 ஆண்டுகள் ஆயின. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்று, பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றபோது முதற்கோல் அவருடையதே. பின்னாளில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் அவரையே பயிற்சியாளராக அழைத்துக்கொண்டன. வீரராகத் தம்மிடம் வாராதவரை ஆசானாக ஏற்றன! 2020 மார்ச்சில் அவர் மறைந்தார்.

"பார்த்தாயா, நீயும் நிலைத்திரு" என்று இளைஞனிடம் மட்டும் சொல்லி நாம் முடித்துவிடலாகாது. அந்த வீரருக்கு இரயில்வே நிலையான வேலை தந்தது. அவர் திறமைக்கு மைதானமும் தந்தது. நம் பிள்ளைகளுள் பலரோ ஒப்பந்தத் தொழிலாளர். இன்று வேலை உண்டு; நாளை வாசற்கதவு அடைபடலாம். தன் பெயரையே அறியாத ஆலைக்கு ஒருவன் எங்ஙனம் பற்றுக் கொள்வான்? பற்று என்பது இருகை ஓசை.

ஆகவே, பெற்றோரே, மகன் இடம் மாறினால் கடிந்துகொள்ளுமுன் காரணம் கேளுங்கள். முதலாளிமாரே, மேற்பார்வையாளரே, பற்றை எதிர்பார்க்குமுன் அதற்கு இடங்கொடுங்கள். இளைஞரே, கைத்தொழிலை ஒழுங்காகக் கற்பிக்கும் இடம் கிடைக்குமாயின், சில நூறு ரூபாய்க்காக அதனை விட்டுவிடாதீர்கள். கூலி உயரும்; கற்கும் காலம் திரும்பி வாராது.