குளிரே இல்லாத ஊருக்கு எதுக்குங்க கூலன்ட்?

கழக்கூட்டத்தில் ஆணி பிடுங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் பிள்ளைகுட்டியோடு திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ வண்டியைக் கிளப்பும் மக்களே, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் காட்டமாகவே இருக்கும்.

"இவிடெ மஞ்ஞொந்நும் இல்லல்லோ சாரே, வெள்ளம் மதி." இது நான் வண்டி விட்ட பட்டறைச் சேட்டனின் தீர்ப்பு. நானும் தலையாட்டினேன். இரண்டு வருஷம் கிணற்றுத் தண்ணீர்தான். போன ஓணம் லீவில், ஆரல்வாய்மொழி தாண்டும்போது முள் மேலே ஏறி, பானெட்டிலிருந்து ஆவி. சுற்றிலும் காற்றாலை ஜோராகச் சுற்றுகிறது, நடுவே என் வண்டி மட்டும் கொதிக்கிறது. பின்சீட்டில் அம்மாவும் சின்னவளும். ஆறியபின் திறந்தால் உள்ளே காப்பி நிறத்தில் துருத்தண்ணீர். வாட்டர் பம்ப் அரித்துப் போயிருந்தது. பில் அந்த மாச வீட்டு வாடகையைத் தாண்டியது.

கூலன்ட் பனிக்கு மட்டும் என்று யார் சொன்னது? கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் 106, 107 வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி குக்கர் மாதிரி அழுத்தம் கொடுப்பதால் இன்னும் மேலே போகும். அதைவிட முக்கியம், துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீரில் ஏது?

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "காசு கொடுத்தாச்சு, கெட்டியாவே ஊத்து." அதுவும் தப்புங்க! கூலன்ட் சூட்டைச் சுமப்பதில் தண்ணீரைவிட மட்டம். டொராண்டோ மச்சானுக்கும் சொல்லுங்கள்: தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறையும், பாதிக்குப் பாதி கலந்தது மைனஸ் 37 வரை தாங்கும். சரக்கு அல்ல, அளவுதான் விஷயம்.

நைசாக நடக்கும் கொள்ளை டாப்-அப்பில். 5 லிட்டரில் பாதி கூலன்ட் என்று வையுங்கள். ஒரு லிட்டர் ஒழுகி, பங்க் பக்கெட் தண்ணீரை ஊற்றினால் 40 சதவீதம். இன்னொரு தடவை ஊற்றினால் 32. ஒழுகுவதை முதலில் அடையுங்கள். ஊற்றுவதையும் அதே அளவில் கலந்து ஊற்றுங்கள், டிஸ்டில்டு வாட்டரில். போர் தண்ணீரின் உப்பு, வெந்நீர்ப் பானை அடியில் படிவது போல உள்ளே படியும்.

அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. சிலதில் 50, சிலதில் 30. கேனில் 'ரெடி மிக்ஸ்' என்றிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காதீர்கள். பச்சையா சிவப்பா என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள்.

சேட்டனைத் திட்டிப் பிரயோசனமில்லை. ஆறு மாசம் டெஸ்டிங் பண்ணாமல் ஒரு வரி கோடு வெளியே விடாத நாம், புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்காமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போகிறோமே, அதைச் சொல்லுங்கள்!

பி.கு: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். மிச்சக் கேனைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இனிக்கும், ஆனால் விஷம்.