மூன்றில் இரண்டு பங்கு முட்டை



போன வாரம் நான் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஒன்று கேட்டீர்கள். "டீச்சர், அது கேக்கா?" "அத்தை, டிபன் பாக்ஸைப் போய் ஏன் ஓவனுக்குள்ள வச்சீங்க?" "பெரியம்மா, சமையல் சேனல் ஆரம்பிக்கப் போறீங்களா?" சேனலும் இல்லை, ஒன்றும் இல்லை. அது பாம்பே டோஸ்ட். தோசைக்கல்லில் போடாமல் ஓவனில் வைத்தது. ஒரே ஒரு ஆளுக்குச் செய்தது. அந்த 'ஒரே ஒரு ஆளுக்கு' என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். கடைசி பெஞ்ச்காரர்கள் வழக்கம்போல் அளவை மட்டும் பார்த்துவிட்டு ஓடலாம். அது நடுவில் இருக்கிறது.

சார் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் 37 வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஓடியவள் நான். காலை ஐந்து மணிக்கு அடுப்பு எரிந்தால் ஏழரைக்குள் டிபன் ஒன்று, மதியச் சாப்பாடு ஒன்று, கட்டிக் கொடுக்க நாலு டப்பா. அதில் எனக்கென்று தனியாக எதுவும் செய்ததில்லை. தேய்ந்த தோசை, ஓரம் கருகிய சப்பாத்தி, அடிச் சட்னி இவைதான் என் டிபன். அதையும் நின்றுகொண்டே சாப்பிடுவேன். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. என் அம்மாவும் அப்படித்தான், என் மாமியாரும் அப்படித்தான்.

ஆனால் வீட்டில் மற்றவர்கள் யாரும் இல்லாமல் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. மிச்சம் சாப்பிட்டுப் பழகியவளுக்கு மிச்சம் வைக்க ஆளில்லை. "ஒரு ஆளுக்காக எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் ஒரு காபி, இரண்டு பிஸ்கட். மகள் நியூஜெர்சியிலிருந்து போன் பண்ணி "சாப்டாச்சாம்மா?" என்பாள். "ஆச்சு" என்பேன். நீங்களும் கேட்பீர்கள். உங்களுக்கும் "ஆச்சுப்பா" தான்.

போன வருடம் வங்கியில் வரிசையில் நின்றபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெண் தாங்கிப் பிடித்திராவிட்டால் மண்டை உடைந்திருக்கும். ஆஸ்பத்திரியில் என் மகள் வயதுகூட இல்லாத ஒரு டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின் எட்டரை. "சாப்பிட்டீங்களா" என்று அவர் கேட்கவில்லை. "காலைல என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

ஏன் தெரியுமா? அது என்னுடைய கேள்வி. நான் 1981இல் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த வருடம் ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. மதியத்துக்குச் சோறு இருந்தது. காலைக்கு ஒன்றும் கிடையாது. பிரேயரில் வெயில் ஏறும்போது ஒரு பிள்ளை தொப்பென்று உட்காரும். "சாப்பிட்டியாடா?" என்றால் அத்தனை பிள்ளைகளும் "சாப்ட்டேன் டீச்சர்" என்றுதான் சொல்லும். அந்த வயதிலேயே அவ்வளவு மானம். இரண்டு மூன்று வருடத்தில் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "காலைல என்ன சாப்பிட்டே?" அதற்குப் பொய் சொல்ல ஒரு பொருளின் பெயர் வேண்டும், பிள்ளை தடுமாறும், நமக்குத் தெரிந்துவிடும். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் வந்தபோது நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது. செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அப்படிப்பட்டவள்தான் இரண்டு பிஸ்கட்டோடு வங்கி வரிசையில் போய் நின்றேன்.

சரி, பாம்பே டோஸ்ட்டுக்கு வருகிறேன்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, காலையில் முட்டையும் பாலும் கண்டிப்பாகச் சேர்க்கச் சொன்னார். இட்லி தோசையே போதாதா என்பீர்கள். ஒரு ஆளுக்கு மாவரைத்துப் பாருங்கள். கிரைண்டரில் அரை ஆழாக்கு அரிசி போட்டால் கல் சுற்றும், மாவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். நிறைய அரைத்தால் மூன்றாம் நாள் புளிப்பு, ஐந்தாம் நாள் கடும் புளிப்பு. அதையும் தூக்கிப் போட மனம் வராமல் வெங்காயம் போட்டுத் தின்று தீர்ப்போம். ஒரே குழம்பைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி மூன்று நாள் ஓட்டுவதைச் சிக்கனம் என்று என் வயதுக்காரர்கள் நினைக்கிறோம். எனக்கு இப்போது அதில் நம்பிக்கை போய்விட்டது.

மகள் வீட்டில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சிநேகிதர்கள் வருகிறார்கள் என்று முதல் நாள் இரவே ஒரு பெரிய தட்டில் பிரெட்டை அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். காலையில் எழுந்து ஓவனில் தள்ளிவிட்டாள். பல் விளக்கிக் காபி குடிப்பதற்குள் வீடு முழுக்க வாசனை. பிரெஞ்ச் டோஸ்ட் என்று நாம் கல்லில் ஒவ்வொன்றாகப் போட்டு எடுப்பதைத்தான் அங்கே மொத்தமாகச் சுட்டு எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ருசிகூட இல்லை. முதல் நாள் இரவே வேலை முடிந்துவிடுகிறதே, அதுதான். இரவு எட்டு மணிக்கு எனக்கு இருக்கும் நல்ல புத்தி காலை ஏழு மணிக்கு இருப்பதில்லை. ஊற வைத்த பண்டம் ஃப்ரிட்ஜில் காத்துக்கொண்டு இருந்தால், சோம்பேறித்தனத்துக்கு வழியில்லை.

போனில் அளவு கேட்டேன். 12 பேருக்கு ஒரு முழு பிரெட், 8 முட்டை, 3 கப் பால் என்றாள். 9 அங்குலத்துக்கு 13 அங்குலத் தட்டு, முக்கால் மணி நேரம். பென்சிலை எடுத்தேன். 8 முட்டையை 12 ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு முட்டை! வேலையும் நேரமும் கணக்கில் 'மூன்றரை ஆட்கள்' என்று விடை வந்தால் வகுப்பே சிரிக்குமே, அது மாதிரி நான் தனியாகச் சிரித்தேன். (மூன்றில் இரண்டு பங்கு முட்டை எடுக்கவும் வழி உண்டு. ஒரு முட்டையை அடித்தால் ஏறக்குறைய 3 மேசைக்கரண்டி வரும், 2 எடுத்துக்கொள்ளலாம். மீதி ஒரு கரண்டியை என்ன செய்வது? அதற்கு ஒரு முழு முட்டையைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.)

பொருளை வகுக்கலாம். நேரத்தை வகுக்க முடியாது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். வருடா வருடம் நான் கேட்கும் கேள்வி நினைவிருக்கிறதா? "ஒரு முட்டை வேக 10 நிமிஷம்னா, அஞ்சு முட்டை ஒண்ணா வேக எத்தனை நிமிஷம்?" நீங்கள் எல்லாரும் கோரஸாக "அம்பது!" என்று கத்துவீர்கள். நான் பெருமையாகச் சிரிப்பேன். அந்த டீச்சர், கொஞ்சம் பொருள்தானே என்று 12 நிமிடத்தில் வெளியே எடுத்தாள். மேலே நிறம் வந்திருந்தது, நடுவில் பச்சை முட்டை. அடுத்த தடவை முக்கால் மணியும் விட்டேன். அதுவும் பெரிய தட்டில். பால் அகலமாகப் பரவி, காய்ந்து, அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. எத்தனை பேருக்கு என்பதை வைத்து நேரம் இல்லை. பாத்திரத்தில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் நேரம். ஆகவே ஒரு ஆளுக்குத் தேவை சின்னப் பாத்திரம், ஆனால் குழிவானது.

அலமாரியில் தேடியபோது கிடைத்தது சாரின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அந்தக் காலத்து நீள்வட்டப் பெட்டி, பிளாஸ்டிக்கோ ரப்பரோ எதுவும் இல்லாதது. ஓய்வு பெறும்வரை தபால் ஆபீசுக்கு அதில்தான் தயிர்சாதம் எடுத்துப் போனார். ஒரு மனிதனுக்குச் சரியான அளவு. மூடியை எடுத்துவிட்டு வைத்தேன், கச்சிதமாக இருந்தது. கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு ஓவனில் வைத்தால் விரிசல் விடும் என்ற பயமும் இதில் இல்லை.

இனி அளவு. பிரெட் 2 துண்டு, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டிக்கொள்ளவும். முட்டை 1. காய்ச்சி ஆறிய பால் 100 மில்லி, அதாவது அரை டம்ளர். சர்க்கரை 2 தேக்கரண்டி, ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டது, உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விடாதீர்கள், அது இல்லாவிட்டால் காய்ச்சல்காரர் சாப்பாடு மாதிரி இருக்கும். பாத்திரத்தில் நெய் தடவி, பிரெட்டைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கி, கலவையை ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். காலையில் ஓவன் 180 டிகிரியில் பத்து நிமிடம் சூடாகட்டும். மூடி இல்லாமல் 25 நிமிடம். நடுவில் கத்தியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்; ஈரமாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். பூரி மாதிரி உப்பி வரும், வெளியே எடுத்ததும் அமுங்கிவிடும். அது தப்பில்லை, அப்படித்தான்.

பிரெட் புதிதாக இருக்கக் கூடாது. நேற்றோ முந்தாநாளோ வாங்கி, கொஞ்சம் காய்ந்தது வேண்டும். புதுசு கூழாகிவிடும். காய்ந்ததுதான் பாலைக் குடித்துவிட்டு நிமிர்ந்து நிற்கும். பூசணம் பிடித்ததைச் சொல்லவில்லை, காய்ந்ததைச் சொல்கிறேன். சர்க்கரை வியாதிக்காரர்கள் இனிப்பை விட்டுவிட்டு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு போடலாம். எனக்கு அதுவே கொஞ்சம் அதிகம் பிடிக்கிறது. முட்டை சேர்க்காத சின்ன அண்ணிக்காக கஸ்டர்ட் பவுடர் காய்ச்சி ஊற்றியும் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு பண்டம்.

இதற்கு நாத்தனார் என்ன சொன்னார் தெரியுமா? "ஒத்த ஆளுக்கு ஓவனா அண்ணி? கரண்ட் பில் என்னாகும்?" நியாயமான கேள்வி. என் ஓவன் 1,200 வாட்ஸ். 40 நிமிடம் விடாமல் இழுத்தாலும் 0.8 யூனிட். வாரத்துக்கு இரண்டு நாள் செய்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டுக்குள். நம் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம். நான் தனி ஆள், அந்த நூறையே தாண்டுவது அபூர்வம். கணக்கைச் சொன்னதும் அவர் சொன்னார்: "கணக்கு சரிதான். ஆனாலும் தனக்குன்னு செஞ்சு சாப்பிட ஒரு மாதிரி இருக்காதா?"

ஒரு மாதிரி இருக்கத்தான் செய்தது. முதல் நாள் தட்டில் வைத்து, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது யாரோ பார்த்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்தேன். கரண்ட் பில்லை விட எனக்குப் பெரிய தடை அதுதான். பெண்கள் பலருக்கும் இது புரியும். மனைவியை இழந்த என் வயது ஆண்களுக்கு வேறு தடை. அவர்களுக்கு அடுப்பே தெரியாது. அவர்களுக்கும் இது சரிப்படும். கிண்டவோ திருப்பவோ பதம் பார்க்கவோ வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

இது ஏதோ பணக்காரப் பலகாரம் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'வீணாய்ப்போன ரொட்டி' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'ஏழை வீரர்கள்'. ரோமானியர் காலத்துச் சமையல் தொகுப்பான அபிசியஸ் நூலிலேயே வெள்ளை ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றும் குறிப்பு இருக்கிறது. மீந்த ரொட்டிக்கு அவர்கள் கண்ட வழி இது. மீந்த சோற்றுக்கு நாம் கண்ட வழி தண்ணீர் ஊற்றிய பழையது. இரவில் ஊறிக் காலையில் பசியாற்றுவதில் இரண்டும் பங்காளிகள்தான்.

இப்போது ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டிருக்கிறது. அது மாத்திரையின் வேலை, பாம்பே டோஸ்ட்டின் வேலை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது 'ரத்தம் ஊற அற்புத டிபன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டுவிடுவீர்கள்.

உங்களிடம் ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன், வீட்டுப் பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சித்திக்கோ இன்றைக்குப் போன் பண்ணுங்கள். "சாப்டாச்சா?" என்று கேட்காதீர்கள். "காலைல என்ன சாப்ட்டீங்க?" என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமானால், போனை வைத்துவிடாதீர்கள்.

என்னிடமும் கேட்கலாம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் என்னிடம் பதில் இருக்கும். மன்னார்குடிப் பக்கம் வருகிறவர்கள் முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், ஊற வைக்க வேண்டும். என்னிடம் இரண்டு டிபன் பாக்ஸ்தான் இருக்கிறது. கூட ஒரு ஆளை அழைத்து வருவதாக இருந்தால் அவருடைய பாக்ஸையும் கொண்டு வரவும். எவர்சில்வர், பிளாஸ்டிக் மூடி வேண்டாம்.