போனில் தக்காளி, மாடியில் வெண்டை

கோடை விடுமுறைக்கு என் தங்கை மகன் சென்னையிலிருந்து தாமலுக்கு வந்திருந்தான். ஏழாவது படிக்கிறான். கண் விழித்ததும் கையில் செல்போன்தான். "பெரியம்மா, இங்கே பாருங்க, உங்க கூடத்திலே தக்காளிச் செடி!" என்றான். எட்டிப் பார்த்தால், போன் காமிராவில் எங்கள் கூடம் அப்படியே தெரிகிறது. தறிக்குப் பக்கத்தில் பொம்மைச் செடி ஒன்று காய்த்து நிற்கிறது! ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயராம். 2016-இல் போக்கிமான் கோ விளையாட்டு வந்தபோது பெரியவர்கள்கூட போனைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்களே, அதே வித்தைதான்.

விவசாய விளையாட்டும் புதிதல்ல. 2009-இல் வந்து 2020 கடைசி வரை ஓடிய ஃபார்ம்வில்லில் ஸ்ட்ராபெரி நாலே மணி நேரத்தில் பழுத்துவிடும். நம் மாடியில் நடக்கிற காரியமா?

"நிஜச் செடி வளர்க்கிறாயா?" என்று இரண்டு பைகளில் வெண்டை விதை ஊன்றக் கொடுத்தேன். இரண்டாம் நாளே ஒன்றைத் தோண்டிவிட்டான்! "முளைக்கவே இல்லை, விதை மோசம்" என்று புகார் வேறு. விதையில் அப்போதுதான் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்திருந்தது. அதுவும் முறிந்து போயிற்று. குழந்தையின் முகம் சுண்டிவிட்டது.

திட்டவில்லை. "அந்தப் போனாலேயே தினம் காலையில் பையை ஒரே இடத்திலிருந்து படம் எடு. தோண்டக் கூடாது" என்றேன். நாலாம் நாள் முளை தலையை வளைத்துக்கொண்டு வந்த படத்தை அவன் அம்மாவுக்கு அனுப்பிய சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஒன்று மட்டும், சகோதரிகளே: கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பிள்ளைகளைப் போனும் கையுமாகத் தனியே விடாதீர்கள்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். மேலே காய்ந்திருக்கிறதே என்று தினம் தண்ணீர் ஊற்றி முன்பு கத்தரி நாற்றை அழுக வைத்தவள் நான். தென்னைநார்க் கழிவு மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். அசுவினி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும்.

தோட்டக்கலைத் துறை 2021-இல் 900 ரூபாய் பெறுமான மாடித்தோட்டத் தளையை மானியத்தில் 225 ரூபாய்க்குக் கொடுத்தது. பை, தென்னைநார்க் கட்டி, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் உண்டு. இப்போது என்ன கிடைக்கிறது என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வெண்டை காய்க்க 45 நாளாவது ஆகும். பூ வருமுன்னே பிள்ளை ஊருக்குப் போய்விட்டான். தினம் படம் அனுப்புவது இப்போது என் வேலை. "நான் வர்ற வரைக்கும் பறிக்காதீங்க பெரியம்மா" என்கிறான். பறிக்காவிட்டால் நாராகிவிடுமே! மற்றதெல்லாம் சாம்பாருக்குப் போய்விட்டது. ஒரு காயை மட்டும் விதைக்கென்று நூல் கட்டி விட்டிருக்கிறேன்.