ஆடுற முள்ளும் கழட்டிப் போட்ட வால்வும்

டேஷ்போர்டுல இருக்கிற முள்ளுங்கள்ல யாரும் மதிக்காத ஜென்மம் ஒண்ணு உண்டுன்னா அது டெம்பரேச்சர் முள்ளுதான். டீசல் முள்ளைப் பார்க்காத டிரைவர் கிடையாது. ஸ்பீடு முள்ளைப் பக்கத்து சீட்டுல இருக்கிற வீட்டம்மா பார்த்துக்குவாங்க. இது மட்டும் அனாதையா ஒரு மூலைல கிடக்கும். திடீர்னு ஆட ஆரம்பிச்சாக்கூட, "ஏறுச்சு, அப்புறம் எறங்கிருச்சு, சரியாப் போச்சு"ன்னு ஓட்டிட்டே போயிருவோம்.

ஏறி இறங்கினா சரியாப் போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. அதைப் பத்தித்தான் இன்னிக்குப் புலம்பல்.

எங்க தெருவுல ஒரு அண்ணன் பிக்கப் வச்சிருக்கார். மேட்டுப்பாளையத்துல மளிகை, சிமெண்டுன்னு ஏத்திட்டு ஊட்டிக்குப் போவார். இறங்கும்போது கேரட், பீட்ரூட். சொந்த வண்டி, மாசா மாசம் டியூ கட்டணும், ரெண்டு பிள்ளைங்க படிக்குது. கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சதும் முள்ளு மேல போறதும், கொஞ்சம் சமதளம் வந்தா கீழ வர்றதுமா இருந்திருக்கு. ஒர்க்‌ஷாப்ல காட்டினதுக்குக் கிடைச்ச வைத்தியம்: "தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி வீசிடலாங்ணா. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு? குளிர் நாட்டுக்காரன் வச்சது அது."

இந்த டயலாக்கைக் கேட்டாலே எனக்கு ஹீட் ஏறிடும். குட்டி யானைல இருந்து பத்து டன் லாரி வரைக்கும் எத்தனை வண்டில அந்த வால்வு இல்லாம ஓடுதுன்னு கணக்கே கிடையாது. ஏன் தப்புன்னு சொல்றேன்.

என்ஜின்ல சுத்துற தண்ணி, குளிர்ச்சியா இருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகாம என்ஜினுக்குள்ளேயே சுத்தும். 82-ல இருந்து 88 டிகிரிக்குள்ள (வண்டிக்கு வண்டி மாறும்) வால்வுக்குள்ள இருக்கிற மெழுகு உருகி விரிஞ்சு வழியைத் திறக்கும். சூடு குறைஞ்சா மூடும். அவ்வளவுதான் அதோட வேலை. அது நல்லா இருந்தா முள்ளு நடுவுல நிக்கும். பாதில சிக்கிக்கிட்டா முள்ளு ஆடும், வாஸ்தவம். அதுக்குப் புதுசு போடணும், தூக்கி எறியக் கூடாது. நிறைய என்ஜின்கள்ல இந்த வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே உள்சுற்று வழியை அடைக்கும். வால்வைக் கழட்டிட்டா உள்சுற்று எப்பவும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காது. விளைவு? ஏத்தத்துல, எப்போ குளிர்ச்சி ரொம்பத் தேவையோ அப்போதான் கூடுதலா ஹீட் ஆகும்!

இறக்கத்துல கதை நேர் எதிர். ரெண்டாவது கியர்ல எறங்கும்போது என்ஜின் கிட்டத்தட்ட டீசலே குடிக்கிறதில்ல, ஆனா வாட்டர் பம்ப் சுத்திட்டே இருக்கு. வால்வு இல்லாத வண்டில முள்ளு தரைக்குப் போயிடும். டிரைவர் சந்தோஷப்படுவார், "பாத்தீங்களா, ஐஸ் மாதிரி இருக்கு"ன்னு. ஐஸ் மாதிரி ஓடுற டீசல் என்ஜின் அதிகமா குடிக்கும், தேயும், ஆயிலையும் கெடுக்கும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 வண்டின்னா இன்னும் மோசம். புகைக்கூண்டுல சேர்ற கரியை எரிக்கிற வேலையை, என்ஜின் சரியான சூட்டுக்கு வந்தாத்தான் கம்ப்யூட்டர் ஆரம்பிக்கவே விடும். வரலைன்னா கரி அடைச்சு, மஞ்சள் லைட் எரிஞ்சு, வண்டி இழுக்காது. அந்த பில்லைப் பார்த்தா நமக்கு மயக்கம் வரும்.

சரி, அப்போ முள்ளு ஏன் ஆடுது? என் கருத்து என்னன்னா, "எந்த பார்ட்டை மாத்தணும்?"னு கேக்கிறதுக்கு முன்னாடி "எப்போ ஆடுது?"ன்னு கேக்கணும். பாதி விடை அதுலயே இருக்கு.

டிராஃபிக்ல நின்னா ஏறுது, ரோட்டுல ஓடினா இறங்குது - காத்து பத்தலை. ஃபேன், ஃபேன் கிளட்ச், இல்ல ரேடியேட்டர் முன்னாடி அடைச்சிருக்கிற சேறும் பூச்சியும். நின்னா ஒண்ணுமில்லை, லோடோட ஏறும்போது மட்டும் ஏறுது - தண்ணி ஓட்டம் பத்தலை. ரேடியேட்டர் உள்ள உப்பு அடைச்சிருக்கும், இல்ல பம்ப் இறக்கை அரிச்சிருக்கும். (மெல்ல ஏறி, ஃபேன் விமானம் மாதிரி கத்தி, மெல்ல இறங்கினா பயப்படாதீங்க, சில வண்டில ஃபேன் கிளட்ச் அப்படித்தான் வேலை செய்யும்.) ஹெட்லைட் போட்டா, ஹாரன் அடிச்சா முள்ளு துள்ளுது - எர்த் லூஸு, என்ஜினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

நேரம் காலம் இல்லாம சட்டுனு ஏறி சட்டுனு இறங்குதுன்னா, அதுதான் கவனிக்க வேண்டிய ஆட்டம். தண்ணிக்குள்ள காத்து இருக்கு. சென்சார் ஒரு நிமிஷம் தண்ணில நனையுது, அடுத்த நிமிஷம் காத்துல தொங்குது. காத்து எப்படி வந்துச்சு? லெவல் குறைஞ்சிருக்கலாம். ஹெட் கேஸ்கட் போய் சிலிண்டர் புகை தண்ணில கலக்கலாம் (காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆச்சுன்னா உஷார்). இல்லைன்னா, எல்லாரும் மறந்துபோற அந்தச் சின்னப் பொருள்: ரேடியேட்டர் மூடி.

மூடின்னா டப்பா மூடி இல்லீங்க, குக்கர் வெயிட்டு மாதிரி. சுமார் 0.9 பார் அழுத்தத்தை உள்ள பிடிச்சு வைக்கும். அதனாலதான் 100-ல கொதிக்க வேண்டிய தண்ணி 118, 120 வரைக்கும் கொதிக்காம இருக்கு. ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் வெடிச்ச மூடின்னா அந்தச் சலுகை போச்சு. இதுல மலைக் கணக்கு வேற இருக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்க வெறும் தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிரும். வால்வு திறக்கிறதே 82-க்கு மேலன்னா, மீதி எவ்வளவு இடைவெளி இருக்குன்னு நீங்களே பாருங்க. மேட்டுப்பாளையத்துல சமர்த்தா ஓடின வண்டி குன்னூர் தாண்டினதும் மக்கர் பண்றதுக்கு இது ஒரு காரணம். கொதிச்சு ரிசர்வ் டேங்குக்குப் போன தண்ணியைத் திரும்ப இழுக்கிற சின்ன வால்வும் மூடிலதான் இருக்கு. அது வேலை செய்யலைன்னா தண்ணி வெளிய போகும், காத்து உள்ள வரும், முள்ளு டான்ஸ் ஆடும்.

அண்ணன் வண்டில கடைசில அதுதான். மூடி செத்துப் போச்சு, உள்ள கூலண்ட்டுக்குப் பதிலா துருத் தண்ணி. "சிறுவாணித் தண்ணிதானே கண்ணு ஊத்துறேன், அதை விடவா?"ன்னார். குடிக்கிறதுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை, ஒத்துக்கிறேன். ஆனா இரும்பையும் அலுமினியத்தையும் துருவுல இருந்து காப்பாத்துற மருந்து சிறுவாணில ஏதுங்ணா? போர் தண்ணின்னா கேக்கவே வேணாம், நம்ம வீட்டு ஹீட்டர்ல படியுற உப்பேதான் ரேடியேட்டர்லயும் படியும். மூடியை மாத்தி, நல்லா ஃப்ளஷ் பண்ணி, மேனுவல்ல சொன்ன கூலண்டை ஊத்தி, காத்தை எடுத்தாச்சு. சில நூறு ரூபாய் மூடி. இன்னும் ரெண்டு நடை ஓட்டியிருந்தா ஹெட்டை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்திருக்கும், அதுக்கு ஆயிரக்கணக்குல, அந்த வாரம் வண்டியும் ஓடாது.

வண்டிக் கம்பெனிங்க மேலயும் எனக்கு ஒரு கடுப்பு இருக்கு. இப்போ பல வண்டில முள்ளை வேணும்னே மந்தமாக்கி வச்சிருக்காங்க. உள்ள இருபது டிகிரி மேல கீழ போனாலும் அது நடுவுலயே தூங்கும். ஜனங்க பயந்து சர்வீசுக்கு ஓடி வரக் கூடாதாம். சில வண்டில முள்ளே கிடையாது, சிவப்பு லைட்டு மட்டும். அதனால அப்படிப்பட்ட வண்டில முள்ளு கண்ணுக்குத் தெரிஞ்சு ஆடுதுன்னா, உள்ள நடக்கிறது சின்ன ஆட்டம் இல்லை. நம்பர் பார்க்கணும்னா ஓபிடி சாக்கெட்ல சொருகுற குட்டி புளூடூத் டப்பா வாங்கிக்கலாம், செல்லுலயே டிகிரி தெரியும்.

முள்ளு சிவப்பைத் தொட்டா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க. அரை மணி நேரமாவது மூடியைத் தொடவே வேணாம், அழுத்தத்தோட பீய்ச்சி அடிச்சா மூஞ்சி வெந்துடும். அப்புறம் அந்த வளைவுல அருவித் தண்ணியை பாட்டில்ல பிடிச்சு கொதிக்கிற என்ஜின் மேல ஊத்துற பழக்கம் இருக்கு பாருங்க... தயவுசெஞ்சு வேணாங்க. கேஸ்கட்டோட போக வேண்டியது, ஹெட்டு விரிசல்ல போய் முடியும்.